ஐம்பதைத் தாண்டிய விரல்களும் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும்

ஐம்பது வயதைத் தாண்டிக் கிட்டார் கற்க வருபவர்கள் எஃப் கார்டில் வந்து நின்றுவிடுவார்கள் என்பது பொதுவான பேச்சு. கார்டு என்பது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்கும் விரல் பிடி. என் அனுபவத்தில் அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. எஃப் கார்டுக்கு வருவதற்கு வெகு முன்பே, ஜி கார்டிலிருந்து சி கார்டுக்குப் போகும் அந்த அரை நொடியிலேயே பலரும் சோர்ந்துவிடுகிறார்கள். தனித்தனியாக வாசித்தால் இரண்டு கார்டுகளும் ஒழுங்காகவே ஒலிக்கின்றன. சேர்த்து வாசித்தால் பாட்டு நடுவழியில் நின்றுவிடுகிறது. மும்பையில் செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் ஃபோர்ட் பக்கம் அலுவலகம் போய்வரும் கணக்காளன் நான். இரண்டு மழைக்காலங்களைக் கடந்து தொடரும் என் சாதகத்தின் பதிவு இது. தினமும் கொஞ்ச நேரம், அந்த நேரத்திலும் பெரும்பகுதி கார்டு மாறும் இடத்துக்கே என்ற ஏற்பாடுதான் என்னை முன்னே நகர்த்தியது. ஆனால் அதற்கு முன் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கம்பி உயரமாக இருக்கும் கிட்டாரில் எவ்வளவு ஒழுங்காகப் பயின்றாலும் விரல்தான் தண்டனை அனுபவிக்கும்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட்டுகள்; இரண்டு பட்டைகளுக்கு இடைப்பட்ட இடத்தையும் ஃபிரெட் என்றே சொல்வதுண்டு. கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே உள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்பார்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் ஒரு எஃகு அளவுகோலை நிறுத்தி, ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிப்பகுதி வரை அளந்தால் தெரிந்துவிடும். தடித்த ஆறாவது கம்பியில் 2.5 மி.மீ., மெல்லிய முதல் கம்பியில் 2 மி.மீ. அல்லது அதற்குச் சற்றுக் கீழே என்பது அக்கூஸ்டிக் கிட்டாருக்கு வசதியான அளவு. கடையிலிருந்து வந்த நிலையில் என் கிட்டாரில் இரண்டுமே கணிசமாகக் கூடுதலாக இருந்தன. புதிதாகக் கற்பவர் இதைத் தன் விரலின் பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறார். வயதானவராக இருந்தால் மூட்டின் மீது பழியைப் போட்டுவிட்டுக் கருவியை அலமாரியின் மேல் ஏற்றிவிடுகிறார். இருபது வயதில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலைப் பிடிவாதத்தால் சமாளித்துவிடலாம், ஐம்பத்தெட்டில் முடியாது. ஆகவே வயது கூடியவர்கள் முதல் பாடத்துக்கு முன்பே அளவுகோலை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கழுத்தின் வளைவைப் பார்க்க வேண்டும். முதல் ஃபிரெட்டில் கேப்போவை, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, மாட்டி, கழுத்தும் உடலும் சேரும் பதினான்காம் ஃபிரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடித்தால், அந்தக் கம்பியே ஒரு நேர்கோடாக அமைந்துவிடும். ஏழாம் ஃபிரெட் அருகே கம்பிக்குக் கீழே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கழுத்து சரியாக இருக்கிறது. அதைவிட அதிகமானால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டை அதற்குரிய ஆலன் கீயால் வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகக் கூடாது. கழுத்தை நேராக்கிய பிறகும் உயரம் மிஞ்சினால், மேல்பலகையில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜில் உட்கார்ந்து கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடிலைத்தான் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாம் ஃபிரெட் கம்பியின் நீளத்தில் சரிபாதியில் இருப்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டும்.

சேடில் தேய்ப்பது ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. கம்பிகளைத் தளர்த்தினால் அந்த எலும்புத் துண்டு இடுக்கியின் சிறு இழுப்பிலேயே வந்துவிடுகிறது. அடிப்பக்கத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே கூர்மையான பென்சிலால் கோடு இழுத்தேன். சமையலறை கிரானைட் மேடை மட்டமாக இருக்கும் என்பதால், 120 எண் உப்புத்தாளை அதன்மேல் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடித்து ஒரே திசையில் இழுத்தேன். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கை தானாகச் சாய்ந்து அடிப்பகுதி உருண்டுவிடும்; உருண்டால் பிரிட்ஜின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஒலி மங்கும். எலும்பு தேயும்போது முடி கருகும் வாசனை வரும், பொடியும் மூக்கில் ஏறும், ஆகவே முகக்கவசம் அவசியம். கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்திவிட்டு, கம்பிகளை மீட்டிப் பார்த்து, மறுபடி அளந்து, மீதியைத் தேய்க்க வேண்டும். தேய்த்த எலும்பு திரும்ப வளராது. "மேடையை நல்லாத் துடைச்சு வைங்க, அதுலதான் சப்பாத்தி தேய்க்கணும்" என்பது வீட்டில் கிடைத்த ஒரே விமர்சனம்.

மும்பையில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். மரக் கிட்டாருக்கு ஏற்றதோ 45 முதல் 55 சதவீதம் வரைதான். ஸ்ப்ரூஸ் மரத்தாலான மேல்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது பிரிட்ஜையும் சேர்த்து மேலே தூக்குவதால் ஆக்‌ஷன் தானாகக் கூடுகிறது. பிளைவுட் பலகைக் கிட்டாரில் இது குறைவு, ஒரே மரத்தில் செய்த பலகையில் தெளிவாகத் தெரியும். ஆகஸ்டில் அளந்து, அந்த அளவுக்குச் சேடிலைத் தேய்த்துவிட்டால், ஜனவரியில் பலகை இறங்கிய பின் கம்பிகள் ஃபிரெட்டில் தட்டிச் சலசலக்கும். ஆகவே மழைக்கு ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று என இரண்டு சேடில்கள் வைத்திருக்கிறேன். சேடில் பெரிய விலையுள்ள பொருளல்ல. தோபி தலாவ் பக்கத்து இசைக்கருவிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் கிட்டார் சுவரில் தொங்குவதில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய பெட்டிக்குள், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு ஹைக்ரோமீட்டரின் காவலில் இருக்கிறது.

கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டையான நட்டில் உள்ள பள்ளங்களையும் பார்க்க வேண்டும். மூன்றாம் ஃபிரெட்டில் ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கவனித்தால், மயிரிழை அளவுதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் இருந்தால் எஃப் கார்டு யாருக்கும் எளிதில் வராது. நட்டை அறுக்கத் தனி அரங்கள் வேண்டும் என்பதால் அந்த வேலையைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டேன்.

கம்பிகளின் தடிமனிலும் ஒரு சலுகை இருக்கிறது. பெரும்பாலான கிட்டார்கள் லைட் என்று பெயரிடப்பட்ட 12–53 செட்டுடன் வருகின்றன (மெல்லிய, தடித்த கம்பிகளின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). எக்ஸ்ட்ரா லைட் எனப்படும் 10–47 செட்டில் ஒலியின் கனம் கொஞ்சம் குறைந்தாலும் விரலுக்கு வெகு நிம்மதி. இன்னொரு வழியில் பணமே செலவில்லை. கம்பியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கேற்பக் கூடிக் குறைவதால், ஆறு கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கினால், அதாவது ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு என்று எல்லாவற்றையும் இறக்கினால், இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பிறகு இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ மாட்டினால் சுருதி பழைய இடத்துக்கே வந்துவிடும். 648 மி.மீ. நீளக் கம்பியில் முதல் ஃபிரெட்டின் அகலம் சுமார் 36 மி.மீ.; கேப்போவுக்கு அடுத்த ஃபிரெட்டின் அகலம் சுமார் 32 மி.மீ. நட்டின் உயரமும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. விரல்கள் நீள மறுக்கும் வயதில் இந்த நான்கு மில்லிமீட்டர் பெரிய தானம். முதல் சில மாதங்கள் முழுக்க நான் இப்படித்தான் வாசித்தேன். அதன் பிறகே கேப்போவைக் கழற்றினேன்.

இனிப் பயிற்சி. காலையில் கால் மணி நேரம், இரவு சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாரக் கடனை அடைத்துவிடலாம் என்ற எண்ணம் இந்த விஷயத்தில் செல்லாது, ஏனெனில் விரல்கள் பழகுவது வாசிக்கும்போது மட்டுமல்ல, வாசித்துவிட்டு உறங்கும்போதும்தான். நேற்றிரவு தடுமாறிய மாற்றம் காலையில் தானாக இளகி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தோலுக்கும் அதே கணக்குதான். விரல் நுனி காய்த்துப் போக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், இடையில் பல நாள் விட்டால் காய்ப்பு உரிந்துவிடும். குளித்த உடனோ பாத்திரம் கழுவிய உடனோ வாசித்தால் ஊறிய தோலில் கம்பி ஆழமாகப் பதிந்துவிடும். குளிர்ந்த விடியலில் விரல்கள் விறைத்திருந்தால், வெந்நீரில் கை நனைக்காமல் சூடான காபி டம்ளரைச் சிறிது நேரம் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டால் போதும்.

விரல் நுனி வலிப்பது இயல்பு. கட்டை விரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலித்தால் அன்று அத்துடன் நிறுத்திவிட வேண்டும், வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடது காலைச் சிறு முக்காலியில் தூக்கி வைத்து, கிட்டாரை இடது தொடையில் அமர்த்தி, கழுத்தைச் சற்று உயர்த்திப் பிடிக்கும் கிளாசிக்கல் முறையில் மணிக்கட்டு மடங்குவது குறைகிறது. ஸ்டைல் குறைவுதான், ஆனால் வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு சோதனை. ஒரு கம்பியின் மேல் விரலை வெறுமனே வைத்து மீட்டினால் மங்கிய ஓசை வரும். மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் சலசலப்பு நின்று ஸ்வரம் தெளியும். அதற்கு மேல் கொடுக்கும் பலமெல்லாம் வீண். ஃபிரெட் கம்பிக்கு ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தால் அந்தக் கட்டம் சீக்கிரம் வரும். இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நடுவில் வைத்தால் தாமதமாக வரும். எவ்வளவு குறைவாக அழுத்தினால் போதும் என்று கைக்குக் கற்பிக்கும் இந்தப் பயிற்சியைச் செய்த பிறகு, கையைத் திறந்து மூடுவதும் வேகமாகிறது, ஏனெனில் இறுக்கிப் பிடித்த விரல் அடுத்த இடத்துக்குக் கிளம்பவே நேரம் எடுத்துக்கொள்ளும்.

கார்டு மாறும் இடத்துக்கு வருகிறேன். எந்த இரண்டு கார்டுகளை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, எந்த விரல் அசைய வேண்டியதில்லை என்பதை. சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரல் மட்டும் ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டிலிருந்து மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டுக்குப் போகிறது. ஜி மேஜரை நான்கு விரல்களால், இரண்டாம் கம்பியிலும் மூன்றாம் ஃபிரெட்டைப் பிடித்து வாசித்தால், அங்கிருந்து டி மேஜருக்குப் போகும்போது மோதிர விரல் நங்கூரமாக நிற்கும். அதே ஜி-யிலிருந்து, மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுக்காமல் மற்ற இரண்டையும் ஒரு கம்பி கீழே இறக்கினால் சி ஆட் 9 கிடைக்கிறது. பாட்டுக்குத் துணை வாசிக்கும்போது பெரும்பாலான இடங்களில் அது சி மேஜரின் வேலையைச் செய்துவிடும். இப்படி ஜோடி ஜோடியாகப் பிரித்து, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு, அடுத்த நான்குக்கு மற்றது என்று ஐந்து நிமிடம் ஒரே ஜோடியைச் செய்தேன். மறுநாள் வேறு ஜோடி. முழுப் பாட்டையும் தலையிலிருந்து வாசித்து, தடுமாறும் இடத்தில் தடுமாறிக்கொண்டே கடந்து போனால், தடுமாற்றத்தையே மனப்பாடம் செய்ததாகிவிடும்.

இங்கே ஒரு சட்டம் உண்டு. இடது கை தயாராகாவிட்டாலும் வலது கை நிற்கக் கூடாது. சிறு வயதில் மாட்டுங்காவில் பாட்டு கற்ற என் மனைவி பக்கத்து அறையிலிருந்து, "கை எங்க வேணா போகட்டும், தாளம் நிக்கக் கூடாதுங்க" என்று சொல்லித் தந்தது இது. கிட்டார் ஆசிரியரும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: நான்காம் தட்டின் பாதியிலேயே விரல்களை எடுத்துவிடு, திறந்த கம்பிகள் ஒலித்தால் ஒலிக்கட்டும், அடுத்த முதல் தட்டில் போய்ச் சேர். என் மகன் வயதுள்ள அந்த பாந்த்ரா இளைஞர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லும் "அங்கிள், தீரே தீரே" (மெதுவாக, மெதுவாக) என்பதை ஒரு மந்திரமாகவே எடுத்துக்கொண்டேன். அறுபதில் தவறாமல் வந்தால் அறுபத்து நான்கு, தவறினால் ஐம்பத்தாறு. ரயிலில் இடம் கிடைக்கும் நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை தொடையில் தாளம் போட, விரல்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பேன். கருவி இல்லாத இந்தப் பயிற்சியும் மறுநாள் கையில் தெரிகிறது.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. மேற்கத்திய பாட நூல்களில் விரல் பயிற்சிக்குக் கொடுக்கப்படும் ஸ்கேல்களுக்குப் பதிலாகச் சரளி வரிசையையே வாசிக்கலாம். சி-யை ஸட்ஜமாகக் கொண்டால் மாயாமாளவகௌளை ஐந்தாம் கம்பியில் 3, 4. நான்காம் கம்பியில் 2, 3. மூன்றாம் கம்பியில் திறந்ததும் 1-உம். இரண்டாம் கம்பியில் திறந்ததும் 1-உம் என அழகாக ஒரே கைநிலையில் அடங்கிவிடுகிறது. ரிஷபத்துக்கு நான்காம் ஃபிரெட்டில் சுண்டு விரல் வந்தே தீர வேண்டும் என்பதால், எந்த வயதிலும் சோம்பேறியான அந்த விரலுக்குத் தினசரி வேலை கிடைக்கிறது. மெட்ரோனோம் 60-இலேயே நிற்க, தட்டுக்கு ஒரு ஸ்வரம் முதல் காலம், இரண்டு இரண்டாம் காலம், நான்கு மூன்றாம் காலம். கம்பியை மீட்டும் சிறு தகடான பிக்கைக் கீழ், மேல், கீழ், மேல் என்று மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். கமகம் வராது, ஃபிரெட் ஸ்வரத்தை ஒரு புள்ளியில் நிறுத்திவிடுகிறது. கம்பியை வளைத்துச் சிறிது அசைக்கலாமே தவிர வீணையின் இழைவை இதில் எதிர்பார்க்கக் கூடாது. நான் இதைச் சங்கீதமாக வாசிக்கவில்லை, விரல் பயிற்சியாக வாசிக்கிறேன். ஆனால் காது ஏற்கெனவே அறிந்த வரிசை என்பதால், தவறான ஃபிரெட்டில் விரல் பட்டால் தாளைப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது.

கம்பிகளைச் சேர்த்து வீசி மீட்டும் ஸ்டிரம்மிங்குக்கும் சொற்கட்டு உதவியது. ஆறு எட்டு என்று எழுதப்படும் தாளக்கட்டை எண்ணி எண்ணி வாசித்தபோது கை கட்டையாக நின்றது. "தகிட தகிட" என்று வாயால் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு "த"-விலும் கீழ் வீச்சை அழுத்தியபோது தானாக ஓடியது.

எஃப் கார்டை நான் மூன்று கட்டமாக அணுகினேன். முதலில் மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் பிடிக்கும் சிறிய எஃப், அதில் ஆள்காட்டி விரல் முதல் இரண்டு கம்பிகளை மட்டும் சேர்த்து அழுத்துகிறது. அடுத்து ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைக்கும் முழு பாரே, ஆனால் ஐந்தாம் ஃபிரெட்டில். அங்கே ஃபிரெட்டுகள் நெருக்கம், நட்டின் எதிர்ப்பும் இல்லை. அங்கே தெளிவாக வந்த வடிவத்தை வாரத்துக்கு ஒரு ஃபிரெட் என்று கீழே இறக்கிக்கொண்டு வந்தேன். முழு எஃப்-பில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டியதில்லை என்பது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்: ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன, ஆள்காட்டிக்கு மிஞ்சுவது ஆறாவதும் முதல் இரண்டும்தான். விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டை விரல் பக்கமாகச் சற்றுப் புரட்டி, எலும்புள்ள விளிம்பால் அழுத்த வேண்டும். பலத்தைக் கட்டை விரலின் கவ்வலிலிருந்து எடுக்காமல், முழங்கையை லேசாகப் பின்னுக்கு இழுத்துக் கையின் எடையிலிருந்து எடுக்க வேண்டும். இப்போது எஃப் வருகிறது. ஏ மைனரிலிருந்து எளிதாகவும், சி-யிலிருந்து ஒரு முணுமுணுப்போடும்.

சனிக்கிழமை தோறும் கைபேசியில் ஒரு பாட்டைப் பதிவு செய்து, உடனே கேட்காமல் மறுநாள் கேட்கிறேன். வாசிக்கும்போது கார்டு தெளிவில்லை என்று தோன்றிய இடங்கள் கேட்கும்போது பெரிதாகத் தெரிவதில்லை. காலப்பிரமாணம் ஓடிய இடங்களே உறுத்துகின்றன. அந்த வாரப் பயிற்சி எதற்கு என்பதை அந்தப் பதிவே தீர்மானிக்கிறது.

இப்போது வீட்டில் பாட்டுக்குத் துணை வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். மனைவியின் சுருதி ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். ஜி மேஜர் வடிவங்களையே வைத்துக்கொண்டு முதல் ஃபிரெட்டில் கேப்போ மாட்டினால் சரியாக அங்கே போய் உட்காருகிறது. ஒன்றரைக் கட்டையில் பாடுபவர் வந்தால் சி வடிவங்களும் அதே கேப்போவும் போதும். இரண்டு கட்டைக்குக் கேப்போ ஒரு ஃபிரெட் தள்ளிப் போக வேண்டும். அடுத்து எடுத்திருப்பது கட்டை விரலால் அடிக் கம்பிகளை மாற்றி மாற்றித் தட்டும் ஆல்டர்னேட் பேஸ். சி மேஜரில் ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி. ஜி-யில் ஆறாவது, நான்காவது. கட்டை விரல் தன் தாளத்தில் போக மற்ற விரல்கள் வேறொன்றைச் சொல்ல வேண்டும் என்பதால் மெட்ரோனோம் மறுபடி 50-க்கு இறங்கியிருக்கிறது.